டாங்கி காங் அசல் கேபினட் வாங்கும் முன் எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

ஏணிப்படி81 கேட்டது:

டல்லஸ் பக்கம் ஒரு டாங்கி காங் கேபினட் (காசு போட்டு ஆடும் பழைய வீடியோ கேம் பெட்டி), நின்று ஆடும் மாடல், விற்பனைக்கு வந்திருக்கிறது. 1981 நிண்டெண்டோ அசல் என்கிறார் விற்பவர். படங்களைப் பார்த்தவரை வெளியே வெளிர் நீலப் பெயின்ட். அடிப்பக்கம் முன்மூலை ஈரம் குடித்து உப்பியிருக்கிறது. பக்கவாட்டு ஸ்டிக்கர் ஒரு பக்கம் பாதி போய்விட்டது. நாணயக் கதவோரம் நீலம் உதிர்ந்த இடத்தில் உள்ளே சிவப்பு தெரிகிறது. ஜாய்ஸ்டிக் மட்டும் புத்தம் புதிது.

ஓடும் வீடியோ ஒன்றும் அனுப்பினார். முதல் திரையை முடித்ததும் ஆணி பிடுங்கும் திரை வருகிறது. இசை நன்றாக வருகிறது, ஆனால் மாரியோ நடக்கும் சத்தம் இல்லை. படத்தின் இடது ஓரம் மடித்து வைத்ததுபோல் ஒன்றின்மேல் ஒன்று விழுகிறது.

மூன்று விஷயம் தெரிய வேண்டும். உள்ளே தெரியும் சிவப்புக்கு மதிப்பு உண்டா? சத்தமும் படமும் சரிசெய்யக் கூடியவையா? பழைய மானிட்டரைக் கழற்றிவிட்டு எல்சிடி போடலாமா? சால்டரிங் வரும், மல்டிமீட்டர் கையில் இருக்கிறது.

---

சுத்தியல் எழுதியது:

சிவப்பைப் பற்றி முதலில் பேசுவோம், விலை அதில்தான் ஏறும்.

நிண்டெண்டோ 1980-இல் ரேடார் ஸ்கோப் என்ற சுடும் விளையாட்டைச் செய்தது. அமெரிக்கக் கிளை 3,000 பெட்டி வரவழைத்து, 1,000 விற்று, மீதி 2,000 கிடங்கிலேயே தங்கிவிட்டன. அந்தப் பெட்டிகளுக்குள் போடுவதற்காகவே ஷிகெரு மியாமோட்டோ டாங்கி காங்கை வடிவமைத்தார். மேற்பார்வை குன்பெய் யோகோய், நிரல் வேலை இகெகாமி சூஷின்கி நிறுவனம். வாஷிங்டன் மாநிலத்தில் டக்விலா கிடங்கில் வைத்துப் பெட்டிகளை மாற்றி அனுப்பினார்கள். ரேடார் ஸ்கோப் பெட்டி சிவப்பு, ஆகவே முதலில் போன டாங்கி காங்கும் சிவப்பு. விளையாட்டு பிய்த்துக்கொண்டு போன பிறகு புதிதாகச் செய்தவை நீலம். சேகரிப்பவர்கள் சிவப்புப் பெட்டி என்றால் தேடி வருவதற்குக் காரணம் இதுதான்.

ஆனால் நீலத்துக்கு அடியில் சிவப்பு தெரிந்த மாத்திரத்தில் அது சிவப்புப் பெட்டி ஆகிவிடாது. எத்தனை அடுக்கு இருக்கிறது, எந்த வரிசையில் இருக்கிறது என்று பாருங்கள். மரம், அதன்மேல் சிவப்பு, அதன்மேல் நீலம் என்றால் நல்ல அறிகுறி. மரம், நீலம், சிவப்பு, மறுபடி நீலம் என்றால் யாரோ இடையில் சிவப்பு அடித்திருக்கிறார். இதைப் பார்க்கச் சுரண்ட வேண்டாம். பெயின்டர் கை போகாத இடங்கள் உண்டு: நாணயக் கதவைத் திறந்தால் அதன் சட்டம் மூடியிருந்த விளிம்பு, கண்ட்ரோல் பேனலைத் தூக்கினால் அதன் அடியில் உள்ள மர விளிம்பு, மேலே பெயர்ப் பலகையைப் பிடிக்கும் இரும்புப் பட்டைக்குப் பின்னால், பின்கதவு உட்காரும் பள்ளம். கிழிந்த ஸ்டிக்கரின் ஓரமும் சாட்சி சொல்லும். ஸ்டிக்கருக்கு அடியிலேயே நீலம் என்றால் ஸ்டிக்கர் ஒட்டும்போதே பெட்டி நீலம்தான். அந்த ஸ்டிக்கர் பிற்காலத்து மறுபதிப்பாகவும் இருக்கலாம், அதனால் இதை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள்.

அடுத்து பின்பக்கச் சீரியல் தகடு. பிடுங்கியிருந்தால் விலை பேசும்போது சொல்ல வேண்டிய குறை அது. பிறகு விளையாட்டை ஓட்டும் சர்க்யூட் போர்டு. ஆரம்பகாலத்துப் பெட்டிகளில் நான்கு போர்டு அடுக்கு இருக்கும், பின்னால் வந்தவற்றில் டிகேஜி-4 என்ற இரண்டு போர்டு அடுக்கு. சிவப்புப் பெட்டியில் டிகேஜி-4 இருந்தால் போலி என்று அர்த்தமில்லை, நடுவில் போர்டு மாறியிருக்கும். அப்போது ஒயரிங்கைப் பார்க்க வேண்டும். வெட்டி ஒட்டிய ஒயர், டேப் சுற்றிய இணைப்பு, நிண்டெண்டோ நிறங்களுக்குப் பொருந்தாத புது ஒயர் இவை இருந்தால் பெட்டி கைமாறி உருமாறி வந்திருக்கிறது.

உருமாற்றம் இந்தப் பெட்டிக்குச் சகஜம். டாங்கி காங் ஜூனியர், பாப்பாய், மாரியோ பிரதர்ஸ் எல்லாமே ஏறக்குறைய இதே மரவேலை. டாங்கி காங்கில் வசூல் குறைந்ததும் கடைக்காரர்கள் உள்ளே போர்டையும் வெளியே படத்தையும் மாற்றி வேறு விளையாட்டாக்கினார்கள். இப்போது டாங்கி காங்குக்கு மவுசு என்பதால் திரும்ப மாற்றுகிறார்கள். கண்ட்ரோல் பேனலைப் புரட்டி அடிப்பக்கம் பாருங்கள். இரண்டாவது ஜாய்ஸ்டிக்குக்கான துளையை அடைத்த தடம் இருந்தால் அது மாரியோ பிரதர்ஸாக இருந்த காலம் ஒன்று உண்டு. ஜூனியரின் பெட்டி ஆரஞ்சு, அந்த நிறம் எங்காவது மூலையில் மிச்சமிருக்கும்.

உங்கள் வீடியோவில் முதல் திரைக்கு அடுத்து ஆணித் திரை வந்ததாகச் சொன்னீர்கள். அது அமெரிக்கப் பதிப்பின் வரிசை. ஜப்பான் பதிப்பில் திரைகள் 25, 50, 75, 100 மீட்டர் என்று நேராகப் போகும் (25 முதல் திரை, 100 ஆணித் திரை). அதனால் ஓடுவது அமெரிக்க நிரல். அது அசல் போர்டில்தான் ஓடுகிறதா என்பது வேறு கேள்வி. இந்தப் பெட்டிகளுக்குள் 60 விளையாட்டு அடங்கிய சின்ன போர்டைச் சொருகி விற்பவர்கள் ஏராளம். அணைத்துவிட்டுத் திரும்பப் போடச் சொல்லுங்கள், மெனு வந்தால் அதுதான். ஃபால்கன் நிறுவனத்தின் கிரேசி காங் போர்டும் அகப்படும். அது ஜப்பானுக்குள் மட்டும் விற்க உரிமம் பெற்று, அமெரிக்காவுக்குக் கள்ளத்தனமாக வந்தது. கிரேசி கிளைம்பர் போர்டில் ஓடுவதால் நிறமும் சத்தமும் அசலோடு ஒட்டாது. உங்கள் படத்தில் நிறம் சரியாகத்தான் தெரிகிறது என்றால் அந்தக் கவலை வேண்டாம்.

---

பீப்பாய் எழுதியது:

வாங்கப் போகும் நாளில் பிளக்கைச் சொருகும் முன் பின்கதவைத் திறந்து பத்து நிமிடம் பாருங்கள். விற்பவர் "ஓடுதே" என்பார். ஓடுவது வேறு, பத்திரமாக ஓடுவது வேறு.

நிண்டெண்டோ பெட்டியின் உள்ளே ஓடுவது ஜப்பான் மின்சாரம். சுவரிலிருந்து வரும் 117 வோல்ட்டை அடியில் இருக்கும் டிரான்ஸ்பார்மர் 100 வோல்ட்டாக இறக்கி, மானிட்டரைச் சுவர் மின்சாரத்திலிருந்து பிரித்தும் வைக்கிறது. மானிட்டர் சான்யோ 20 அங்குலம், 20-இஇசட் வகை. பவர் சப்ளை கெட்டதும் யாராவது அந்த டிரான்ஸ்பார்மரைத் தூக்கிவிட்டு மானிட்டரை நேராகச் சுவரோடு இணைத்திருந்தால் இரண்டு கேடு: வோல்ட்டேஜ் 17 சதவீதம் அதிகம், அதோடு சேசிஸ் (மானிட்டரின் உள்சர்க்யூட்) முழுவதும் ஷாக் அடிக்கும் நிலை. டிரான்ஸ்பார்மர் இடத்தில் இருக்கிறதா, மானிட்டருக்குப் போகும் ஒயர் அதிலிருந்துதான் புறப்படுகிறதா என்று கண்ணால் தொடர்ந்து பாருங்கள். சந்தேகம் இருந்தால் மானிட்டர் பிளக்கைக் கழற்றிவிட்டு, ஏசி அளவில் மீட்டரை வைத்து 100-ஐ ஒட்டி வருகிறதா என்று அளந்துவிடுங்கள்.

ஃபியூஸ் ஒவ்வொன்றையும் எடுத்து, தொப்பியில் பொறித்த அளவும் பக்கத்தில் ஒட்டிய தாளில் உள்ள அளவும் ஒன்றா என்று பார்க்க வேண்டும். பெரிய ஃபியூஸ் போட்டிருந்தால் ஏற்கெனவே அங்கே ஏதோ அடிக்கடி எரிந்திருக்கிறது. பவர் கார்டு மூன்று முனையா, பச்சை எர்த் ஒயர் உள்ளே இரும்போடு முறுக்கியிருக்கிறதா என்பதும் முக்கியம். மூன்றாவது முனையை வெட்டியெறிந்த கார்டு இருந்தால் மாற்றிவிட்டுத்தான் ஓட்ட வேண்டும்.

பிறகு 5 வோல்ட். இதைப் பவர் சப்ளை முனையில் அளக்காதீர்கள், போர்டில் ஏதாவது ஒரு சிப்பின் மின்வழங்கல் கால்களில் அளங்கள். 5.00 முதல் 5.10 வரை இருந்தால் சரி. சப்ளையில் 5.1, போர்டில் 4.8 என்றால் நடுவில் கனெக்டரில் வோல்ட்டேஜ் இறங்குகிறது. அந்தக் கனெக்டரின் பிளாஸ்டிக் பழுப்பேறியிருக்கும். அதைக் கவனிக்காமல் சப்ளையைத் திருகி ஏற்றினால் கனெக்டர் இன்னும் சூடாகும். கனெக்டர் முனைகளைப் புதிதாகப் போடுவதே வழி. அதே இடத்தில் மீட்டரை ஏசி அளவுக்கு மாற்றினால் 50 மில்லிவோல்ட்டுக்கு மேல் தெரியக்கூடாது. தெரிந்தால் சப்ளையின் எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டர்கள் வறண்டுவிட்டன.

---

ஏணிப்படி81 எழுதியது:

நன்றி. விற்பவர் பின்பக்கப் படம் அனுப்பினார். டிரான்ஸ்பார்மர் இருக்கிறது, மானிட்டரில் சான்யோ என்று ஒட்டியிருக்கிறது, போர்டு இரண்டு அடுக்கு. எல்சிடி பற்றி யாரும் சொல்லவில்லையே?

---

நீலத்தூண் எழுதியது:

எல்சிடி போடலாம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, ஆனால் எவ்வளவு வேலை என்று தெரிந்துகொண்டு இறங்குங்கள்.

முதலாவது, நிண்டெண்டோ போர்டு தரும் நிறச் சமிக்ஞை தலைகீழ். பிரகாசம் இருக்க வேண்டிய இடத்தில் இருட்டு. சான்யோ மானிட்டர் அதை எதிர்பார்த்தே செய்யப்பட்டது. வேறு எந்த மானிட்டரை நேராகச் சொருகினாலும் ஃபோட்டோ நெகட்டிவ் மாதிரிதான் தெரியும். நடுவில் இன்வெர்ட்டர் போர்டு வேண்டும். இரண்டாவது, கிடை அதிர்வெண் (நொடிக்கு எத்தனை கோடு வரைகிறது என்பது) சுமார் 16 கிலோஹெர்ட்ஸ். பெரும்பாலான கணினி மானிட்டர்கள் 31-க்குக் கீழே இறங்காது, ஆகவே மாற்றிப் பெரிதாக்கும் போர்டு ஒன்று. மூன்றாவது, பலரும் கோட்டை விடுவது: ஸ்பீக்கருக்கான ஆம்ப்ளிஃபையர் சான்யோ மானிட்டரின் சேசிஸிலேயே இருக்கிறது. மானிட்டரைக் கழற்றிய அன்றே சத்தமும் போய்விடும். தனி ஆம்ப் வைக்க வேண்டும். ஜாமா ஒயரிங்குக்கு (பல ஆர்கேட் பெட்டிகளுக்குப் பொதுவான இணைப்பு முறை) மாற்றும் அடாப்டர்கள் சிலவற்றில் இன்வெர்ட்டரும் ஆம்பும் சேர்ந்தே வரும், அதை வாங்கினால் இரண்டு தலைவலி குறையும்.

செங்குத்தாக நிறுத்திய 4:3 எல்சிடி கிடைப்பது அரிதாகிவிட்டது. அகலத் திரையை நட்டு வைத்தால் மேலும் கீழும் கறுப்பு விழும். திரையைச் சுற்றி வரும் பெசல் அட்டையின் துளை பழைய படக்குழாயின் வளைவுக்கு வெட்டியது என்பதால் ஓரத்தில் சந்தும் தெரியும்.

---

சுத்தியல் எழுதியது:

நீலத்தூண் சொன்ன தொழில்நுட்பம் முழுக்கச் சரி. முடிவில் எனக்கு உடன்பாடில்லை. சான்யோ ஓடும் நிலையில் இருக்கும் பெட்டியில் எல்சிடி போடுவது, மதிப்பில் பெரிய பங்கை எடுத்துக் குப்பையில் போடுவது. குழாய் நன்றாக இருந்து சேசிஸ் மட்டும் கெட்டிருந்தால் கெபாசிட்டர் செட் போட்டுத் தேற்றலாம். குழாயே செத்திருந்தால்தான் மாற்றுவது பற்றி யோசிக்க வேண்டும்.

ஏணிப்படி, உங்கள் படம் இடது ஓரத்தில் மடிகிறது என்றீர்களே, அது நல்ல செய்தி. இந்த விளையாட்டில் மானிட்டர் பக்கவாட்டில் திருப்பி வைக்கப்பட்டிருக்கிறது. நாம் பார்க்கும் இடது வலது, மானிட்டருக்கு மேல் கீழ். அதாவது உங்களுக்குக் கோளாறு செங்குத்து விலக்குப் பகுதியில், அங்கே வறண்ட எலக்ட்ரோலிட்டிக்கால் வரும் மடிப்பு இது. அதே பகுதி முழுசாகச் செத்தால் திரை நடுவே மேலிருந்து கீழாக ஒரே ஒரு பளிச்சென்ற கோடு நிற்கும். புத்தகங்களில் "கிடைக்கோடு" என்று படித்துவிட்டு இதைப் பார்ப்பவர்கள் வேறு பகுதியைத் தோண்டிக்கொண்டிருப்பார்கள். கோடு தெரிந்தால் உடனே அணைத்துவிடுங்கள், அந்த இடத்தில் குழாயின் உள்ளே ஒளிரும் பாஸ்பர் பூச்சு எரிந்துவிடும்.

செய்முறை இதுதான். பிளக்கைப் பிடுங்கி வைத்துவிடுங்கள். குழாயின் முதுகில் ரப்பர் தொப்பியோடு போகும் தடித்த ஒயர்தான் ஆனோடு. பெட்டி அணைந்த பிறகும் அங்கே ஆயிரக்கணக்கான வோல்ட் தங்கியிருக்கும். நீளமான தட்டை ஸ்க்ரூடிரைவர், அதன் தண்டில் முதலைக் கிளிப் ஒயர், மறுமுனை குழாயைச் சுற்றி ஓடும் பின்னல் கம்பியில். சர்க்யூட் போர்டின் தரையில் மாட்டாதீர்கள், சிப் போய்விடும். ஒரு கை முதுகுக்குப் பின்னால் இருக்கட்டும். தொப்பிக்கு அடியில் நுனியை நுழைத்து உலோகத்தைத் தொடுங்கள், சட்டென்று ஒரு சத்தம் வரலாம், வராமலும் போகலாம். இரண்டு நிமிடம் விட்டு மறுபடி ஒரு முறை தொடுங்கள். குழாய் தானாகக் கொஞ்சம் மின்னூட்டத்தைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளும்.

20-இஇசட் கெபாசிட்டர் செட் என்றே கேட்டு வாங்குங்கள். ஒவ்வொன்றாகக் கழற்றி ஒவ்வொன்றாக மாட்டுங்கள், முனை திசையைச் சரிபார்த்தபடி. மொத்தமாகப் பிடுங்கிப் போட்டுவிட்டுத் திரும்ப மாட்டுபவர்கள்தான் ஒன்றைத் தலைகீழாக வைக்கிறார்கள். சேசிஸில் ஒயர் சொருகும் முனைகளின் சால்டரைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள், முனையைச் சுற்றி மெல்லிய வட்ட விரிசல் இருக்கும். எல்லாவற்றையும் புது சால்டர் விட்டு உருக்கி எடுங்கள். பாதி மானிட்டர்கள் இதிலேயே உயிர்பெறும். ஃப்ளைபேக் (உயர் வோல்ட்டேஜ் டிரான்ஸ்பார்மர்) முனைகளும் அப்படியே. முடிந்ததும் உயரம், நேர்கோட்டுத்தன்மை இரண்டையும் திருகிச் சரிசெய்ய வேண்டியிருக்கும். பழைய கெபாசிட்டருக்கு ஏற்ப யாரோ திருகி வைத்திருப்பார்.

குழாயில் எரிதழும்பு இருக்கிறதா என்பதை மானிட்டர் அணைந்திருக்கும்போது டார்ச் அடித்துப் பாருங்கள். மேலே மதிப்பெண் வரி நிழலாகத் தெரிந்தால் அது சாதாரணம், ஓடும்போது மறைந்துவிடும். ஓடும்போதும் தெரிந்தால்தான் பேரம் பேச வேண்டும்.

---

காலடி எழுதியது:

நடக்கும் சத்தம் மட்டும் இல்லை என்றால் போர்டில் மிகச் சின்ன இடத்தில்தான் கோளாறு. இந்த விளையாட்டில் சத்தம் இரண்டு வழியில் பிறக்கிறது. இசையும், பீப்பாய் தாண்டும்போது வரும் மணியோசையும் 8035 என்ற தனி சிப் ஓட்டும் நிரலிலிருந்து வருபவை. நடப்பது, குதிப்பது, காங் தொப்பென்று மிதிப்பது ஆகிய மூன்றும் நிரல் அல்ல. டிரான்சிஸ்டர், கெபாசிட்டர், 555 டைமர் கொண்டு கட்டிய அனலாக் சர்க்யூட்டுகள். அதனால்தான் அந்தக் காலடிச் சத்தம் பெட்டிக்குப் பெட்டி சுருதி கொஞ்சம் மாறும். கணினியில் இந்த விளையாட்டைப் போலச் செய்யும் எமுலேட்டர்கள் அதை ஒழுங்காகக் கொண்டுவர வெகுகாலம் எடுத்ததும் இதனால்தான்.

ஆகவே முதலில் காதால் பிரியுங்கள். குதிக்கும் சத்தம் வருகிறதா, தொடக்கக் காட்சியில் காங் மிதித்து இரும்புத் தளங்களை வளைக்கும்போது தொப் தொப் வருகிறதா? மூன்றும் இல்லை, இசை மட்டும் உண்டு என்றால் அனலாக் சத்தங்கள் ஒன்றுசேரும் இடத்தையோ, அவற்றின் மின்வழங்கலையோ பாருங்கள். நடை மட்டும் இல்லை என்றால் 6எச் இடத்திலுள்ள 74எல்எஸ்259 சிப்பில் லாஜிக் புரோபை (துடிப்பு வருகிறதா என்று காட்டும் பேனா போன்ற கருவி) வையுங்கள். 4-ஆம் கால் நடை, 5 குதிப்பு, 6 மிதி. யாராவது மாரியோவை இடவலமாக நடத்திக்கொண்டிருக்கட்டும். 4-ஆம் காலில் துடிப்பு தெரிந்தால் விளையாட்டு தன் வேலையைச் செய்துவிட்டது. கோளாறு அதற்கு அப்பால், அந்தத் தடத்தில் இருக்கும் 555-உம் எலக்ட்ரோலிட்டிக்கும்தான் முதல் சந்தேகம், இரண்டும் சில்லறைக் காசு. துடிப்பே இல்லை என்றால் 259 சிப்பை மாற்றி, சாக்கெட் வைத்துப் போடுங்கள்.

இதைத் தொடுவதற்கு முன் இரண்டு போர்டையும் இணைக்கும் குட்டை ரிப்பன் கேபிள்களை விரலால் லேசாக அழுத்திப் பாருங்கள். அவற்றை மடக்கி மடக்கிப் பிரித்தால் உள்ளே ஒரு இழை அறுந்துவிடும். ஒரு நாள் சரியாகவும் மறுநாள் திரை முழுக்கக் குப்பையாகவும் வரும் போர்டுகளில் முதல் குற்றவாளி இதுதான், இரண்டாவது சாக்கெட்டில் கறுத்த கால்கள். நிரல் பதிந்த ரோம் சிப் நான்கு, ஒவ்வொன்றும் 4 கேபி. ஒவ்வொன்றாக எடுத்து, எந்தச் சாக்கெட் என்று எழுதி வைத்து, கால்களைக் காண்டாக்ட் கிளீனர் தொட்ட துணியால் துடைத்து மாட்டுங்கள். உப்புத்தாள் போட்டுத் தேய்க்க வேண்டாம், முலாம் போய்விட்டால் பிறகு கறுப்பு இன்னும் வேகமாகப் பிடிக்கும். கண்ணாடி ஜன்னல் உள்ள ரோம்களில் மேல் ஒட்டியிருக்கும் தாளை உரிக்காதீர்கள், வெளிச்சம் பட்டுப் பட்டு உள்ளிருப்பது அழியும்.

---

தச்சுக்கூடம் எழுதியது:

மரத்தைப் பற்றி யாரும் பேசாததால் நான். அடிமூலை உப்பியிருப்பது பார்க்கப் பயமாக இருக்கும், உண்மையில் இதைச் சரிசெய்வது எளிது. பெட்டியைச் சரித்து, அடியில் கட்டை கொடுத்து, ஒரு வாரம் காற்றாட விடுங்கள். ஈரத்தின்மேல் பசை ஊற்றினால் பிடிக்காது. காய்ந்ததும் தண்ணீர் கலந்து நீர்த்த மரப்பசையை ஊசிமருந்துக் குழாயால் பிளவுகளுக்குள் ஏற்றுங்கள். இரண்டு பக்கமும் மெழுகுத் தாள், அதன்மேல் தட்டையான கட்டை, அதன்மேல் கிளாம்ப். 24 மணி நேரம். உப்பல் முழுவதும் அமுங்காது, மிச்சத்தைச் செதுக்கி, உதிர்ந்த இடத்தை இரண்டு கலவை ஃபில்லரால் கட்டுங்கள். பிறகு நான்கு மூலையிலும் திருகு கால் வையுங்கள். தரையில் நேராக நிற்கும் பெட்டி தரையைத் துடைக்கும் ஒவ்வொரு முறையும் தண்ணீர் குடிக்கும்.

டி-மோல்டிங் (மர விளிம்பில் சொருகும் பிளாஸ்டிக் பட்டை) வாங்கும் முன் பழையதில் ஒரு துண்டை உருவி, மரத்தின் தடிமனையும் பள்ளத்தின் அகலத்தையும் அளந்துகொள்ளுங்கள். கடையில் "நிண்டெண்டோவுக்கு இதுதான்" என்று தருவதை நம்பி இருபதடி வாங்கிப் பொருந்தாமல் போனவர்கள் உண்டு.

ஸ்டிக்கர் விஷயத்தில் அவசரப்படாதீர்கள். ஒரு பக்கம் பாதி போனது, இன்னொரு பக்கம் முழுசாக இருக்கிறதல்லவா? முழுசாக இருப்பதைத் தொடவே வேண்டாம். கிழிந்த பக்கத்துக்கு மறுபதிப்பு கிடைக்கும், ஆனால் பளபளப்பும் நீலமும் வேறாக இருக்கும், இரண்டு பக்கமும் ஒன்றோடொன்று சண்டை போடும். சுத்தியல் சொன்னதுபோல் அடியில் சிவப்பு உண்மை என்று தெரிந்தால், கிழிந்த ஓரம்தான் உங்கள் பெட்டியின் சரித்திரத்துக்கு ஆதாரம். அதைச் சுத்தமாகப் படமெடுத்து வைக்காமல் உரிக்கக் கூடாது. மேல் நீலத்தை உரித்துச் சிவப்பை மீட்கலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். கெமிக்கல் ஸ்ட்ரிப்பர் இரண்டையும் சேர்த்து உருக்கும். மறைவான இடத்தில், உள்ளங்கை அளவில், பிளாஸ்டிக் சுரண்டியும் சூடான காற்றும் வைத்துப் பாருங்கள். மேல் அடுக்கு தானாக ஏடு விட்டு எழுந்தால் மட்டும் மேலே போகலாம்.

---

ஏணிப்படி81 எழுதியது:

இவ்வளவு விவரத்துக்கு நன்றி. கடைசியாக இரண்டு. புது ஜாய்ஸ்டிக்கில் ஏணி ஏறும்போது தடுமாறுகிறது என்று விற்பவரே சொன்னார். அப்புறம், 22-ஆம் லெவலில் மாரியோ சும்மா நின்றாலும் செத்துவிடுகிறானாம். போர்டு கோளாறா?

---

நீலத்தூண் எழுதியது:

22-ஆம் லெவலில் சாவது கோளாறு இல்லை, அசல் நிரலுக்கு அடையாளமே அதுதான். நேரப் புள்ளி கணக்கிடும்போது நிரல் லெவல் எண்ணைப் பத்தால் பெருக்கி 40 கூட்டுகிறது. 22-க்கு 260 வரும். ஒரு பைட்டில் 255 வரைதான் நிற்கும், அதனால் 4 என்று சுருங்கிவிடுகிறது. 8,000 இருக்க வேண்டிய நேரம் 400-இல் தொடங்கி, முதல் திரையில் பாதி ஏறுவதற்குள் தீர்ந்துவிடும். விற்பவர் அங்கே வரை ஆடியிருக்கிறார் என்றால் அந்த போர்டு நெடுநேரம் சூடாகியும் தடுமாறாமல் ஓடியிருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

உங்களுக்காக ஒரு சோதனை. அமெரிக்க வரிசையில் 75 மீட்டர் மின்தூக்கித் திரை இரண்டாம் லெவலில்தான் வரும், 50 மீட்டர் கன்வேயர் திரை மூன்றாம் லெவலில்தான். வீடியோவில் வந்தது முதல் லெவல் மட்டும். நேரில் போனால் அவரை மூன்றாம் லெவல் வரை ஆடிக்காட்டச் சொல்லுங்கள். மின்தூக்கித் திரையில் துள்ளி வரும் ஸ்பிரிங், கன்வேயரில் நகரும் சிமென்ட் தட்டு, இரண்டிலும் உருவங்கள் கிழியாமல் வருகின்றனவா என்று பாருங்கள். ஒரு உருவ ரோம் கெட்டிருந்தால் முதல் திரையில் தெரியாமலே போகலாம்.

அந்தப் புது ஜாய்ஸ்டிக் எட்டுத் திசை மாடலாக இருக்கும் என்று நினைக்கிறேன். விளையாட்டுக்கு நான்கே திசை. மூலையில் போனால் இரண்டு சுவிட்ச் ஒன்றாக அழுந்தி, ஏணிக்குள் நுழையாமல் மாரியோ தாண்டிப் போய்விடுவான். பேனலின் அடியில் அந்த ஸ்டிக்கின் சதுரத் தகட்டைப் பாருங்கள். பல மாடல்களில் அதைக் கழற்றி 45 பாகை திருப்பி மாட்டினால் நான்கு திசைக்கு மாறிவிடும். நிண்டெண்டோ அசல் ஸ்டிக்கை அவர் தூக்கி எறிந்திருக்க மாட்டார், நாணயப் பெட்டிக்குள் கிடக்கிறதா என்று கேளுங்கள்.

போர்டில் எட்டு டிப் சுவிட்ச் (அமைப்பை மாற்றும் குட்டிச் சுவிட்ச்) இருக்கும். 1, 2 உயிர்களின் எண்ணிக்கை, 3, 4 கூடுதல் உயிர் எந்த மதிப்பெண்ணில், 5, 6, 7 காசுக் கணக்கு, 8 பெட்டி வகை. முதல் நான்கும் ஆஃப் என்றால் மூன்று உயிர், 7,000-இல் கூடுதல் உயிர். போட்டிகளில் ஆடுவது இந்த அமைப்பில்தான். 8 ஆன் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் மேசை மாடல் என்று நினைத்து இரண்டாவது ஆட்டக்காரருக்குத் திரையைத் தலைகீழாகத் திருப்பிவிடும். இலவச ஆட்டம் என்ற அமைப்பே இந்த போர்டில் கிடையாது. அதற்காகப் பேனலில் துளை போட்டு பட்டன் வைத்த பெட்டிகளை நிறையப் பார்க்கலாம், நீங்கள் அதைச் செய்யாதீர்கள். நாணயக் கதவைத் திறந்து காசு தட்டும் சுவிட்சின் கம்பியை விரலால் அழுத்தினாலே கிரெடிட் ஏறும்.

---

பீப்பாய் எழுதியது:

எடுத்து வரும்போது நிற்கவைத்தே கொண்டுவாருங்கள், மல்லாக்கப் படுக்கவைத்தால் மானிட்டரின் மொத்தக் கனமும் நான்கு போல்ட்டில் தவறான திசையில் இறங்கும். முன்கண்ணாடியையும் மேலே உள்ள பெயர்ப் பலகையையும் கழற்றிப் போர்வையில் சுற்றித் தனியாக. பின்கதவுச் சாவி இருக்கிறதா என்று பணம் கொடுக்கும் முன் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், இல்லையென்றால் பூட்டைத் துளைக்கும்போது துருவல் போர்டின்மேல் விழும். வீட்டுக்கு வந்ததும் குளிர்ந்த வண்டியிலிருந்து இறக்கி உடனே போடாமல், உள்ளே ஈரம் ஆற ஒரு இரவு விட்டுவிட்டு ஆன் பண்ணுங்கள், ஆன் பண்ணியதும் முதல் வேலையாக 5 வோல்ட்டை அளந்துவிடுங்கள்.